நோட்டில் இருக்கும் எண்ணும் எழுத்தும் யாருக்காக?

கேள்வி இதுதான்: பணநோட்டில் அதன் மதிப்பைத் தவிர ஏகப்பட்ட எண்கள், எழுத்துகள், சிலவற்றில் நட்சத்திரம், ஓரத்தில் கோடுகள், திரும்பிய இடமெல்லாம் குட்டி வட்டங்கள். இதெல்லாம் என்ன? இவற்றை வைத்து நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்ல முடியுமா?

முதலில் ஒன்று. நோட்டில் இருக்கும் குறிகளில் பெரும்பகுதி நமக்காக அச்சிட்டதே இல்லை. அச்சகமும் மத்திய வங்கியும் தங்கள் கணக்குவழக்குக்காகப் போட்டுக்கொண்டவை அவை. கொஞ்சம் இயந்திரங்களுக்கு, கொஞ்சம் பார்வையற்றவர்களுக்கு, மிச்சம் இருப்பதுதான் கையில் வாங்கிப் பார்க்கிற நமக்கு. இந்தப் பாகுபாடு தெரியாததால்தான் பலர் பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வரிசை எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வரிசை எண்ணிலிருந்தே தொடங்கலாம். நோட்டுகள் ஒவ்வொன்றாக அச்சாவதில்லை, பெரிய தாளில் பல நோட்டுகள் சேர்ந்தே அச்சாகின்றன. அமெரிக்க டாலர் வெகுகாலம் ஒரு தாளுக்கு 32 நோட்டு என்று அச்சானது, இப்போது 50 நோட்டுத் தாள்களும் உண்டு. பின்னணி நிறம், உருவப்படம், எழுத்துகள் எல்லாம் ஏறிய பிறகு கடைசிக் கட்டமாகத்தான் எண் விழும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நோட்டுகளுக்கு அடுத்தடுத்த எண்கள் இருக்கும் என்று நினைப்போம், இருக்காது. பல்லாயிரம் எண்கள் தள்ளி இருக்கும். ஏனென்றால் தாள்களை அடுக்கி, அடுக்கோடு சேர்த்துதான் வெட்டுகிறார்கள். மேலிருக்கும் தாளில் ஓர் இடத்தில் 1 என்றால், அதற்குக் கீழே உள்ள தாளில் அதே இடத்தில் 2, அதற்கும் கீழே 3. வெட்டி முடித்ததும் ஒவ்வொரு கட்டும் தானாகவே வரிசையாக அமைந்துவிடும், யாரும் உட்கார்ந்து அடுக்க வேண்டியதில்லை. புது நோட்டுக்கட்டு வாங்கும்போது எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பது இப்படித்தான்.

எண்ணோடு எழுத்து எதற்கு? இலக்கம் போதாததால்தான், வேறு ரகசியம் ஒன்றும் பெரிதாக இல்லை. எட்டு இலக்கத்தில் பத்துக் கோடிக்குள் அடங்கிவிடும், ஒரு பெரிய நாட்டின் புழக்கத்துக்கு அது எம்மாத்திரம். ஆகவே முன்னாலும் பின்னாலும் எழுத்து சேர்க்கிறார்கள், எண் தீர்ந்தால் எழுத்து ஒரு படி நகரும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கணக்கு ஜப்பானுடையது. 2024-இல் புது நோட்டுகள் வருவதற்கு முன்பு அங்கே முன்னால் ஒன்று அல்லது இரண்டு எழுத்து, நடுவில் ஆறு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. 'ஐ', 'ஓ' இரண்டும் எண்களோடு குழப்பும் என்று விலக்கியதால் மிச்சம் 24 எழுத்து. எண் 1-இலிருந்து 9 லட்சம் வரை. பெருக்கிப் பார்த்தால் சரியாக 1296 கோடி நோட்டு. அதுவும் தீர்ந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா, எண்ணின் மை நிறத்தை மாற்றிவிட்டார்கள். 1000 யென் நோட்டில் கறுப்பு முடிந்து பழுப்பு வந்தது, பழுப்பு முடிந்து கருநீலம் வந்தது. விவரம் தெரியாதவர் கையில் கறுப்பு எண்ணும் பழுப்பு எண்ணும் ஒன்றாகச் சிக்கினால் ஒன்று போலி என்றுதான் சந்தேகப்படுவார். 2024 நோட்டில் எழுத்தை ஒன்று கூட்டிப் பத்து இடமாக்கிவிட்டார்கள்.

சில நாடுகளில் அந்த எழுத்துக்கு அர்த்தமும் உண்டு. டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மத்திய வங்கி அமைப்பில் பன்னிரண்டு ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள், 'ஏ' என்றால் பாஸ்டன், 'பி' நியூயார்க், இப்படியே போய் 'எல்' என்றால் சான் பிரான்சிஸ்கோ. ஒரு டாலர், இரண்டு டாலர் நோட்டில் வரிசை எண்ணின் முதல் எழுத்தே அந்த வங்கியைச் சொல்லிவிடும். ஐந்து டாலரும் அதற்கு மேலும் என்றால் முதல் எழுத்து நோட்டு எந்தத் தொடரைச் சேர்ந்தது என்பதற்கு, இரண்டாவது எழுத்துதான் வங்கிக்கு. 'ஓ' அங்கேயும் கிடையாது, 'இசட்' சோதனை அச்சுக்கு என்று ஒதுக்கப்பட்டது. யூரோவில் 2002-இல் வந்த முதல் தொடரில் முன்னெழுத்து எந்த நாட்டு மத்திய வங்கியின் பொறுப்பில் அச்சானது என்று சொல்லும்: 'எக்ஸ்' ஜெர்மனி, 'யூ' பிரான்ஸ், 'எஸ்' இத்தாலி, 'வி' ஸ்பெயின். 2013 முதல் வந்த இரண்டாம் தொடரில் இரண்டு எழுத்து, அதில் முதல் எழுத்து நாட்டை விட்டுவிட்டு அச்சகத்தைக் குறிக்கிறது. எந்த எழுத்தாக இருந்தாலும் நோட்டின் மதிப்பு ஒன்றுதான். யூரோ நெருக்கடி நடந்த காலத்தில் கிரேக்கத்தின் 'ஒய்' எழுத்து நோட்டு பின்னால் செல்லாமல் போகும், ஜெர்மனியின் 'எக்ஸ்' எழுத்தைப் பிடித்து வைத்துக்கொள் என்று ஒரு பேச்சு சுற்றியது. சுத்த வதந்தி.

யூரோ எண்ணில் ஒரு குட்டி வேலை ஒளிந்திருக்கிறது, பொழுதுபோகாதபோது செய்து பார்க்கலாம். முதல் தொடர் நோட்டில் எழுத்துக்கு ஆங்கில அகரவரிசையில் அது எத்தனையாவது என்ற எண்ணைப் போட்டு, அதோடு மற்ற இலக்கங்களையும் கூட்டி, ஒரே இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போனால் 8 வரவேண்டும். 'எக்ஸ்' 30234567890 என்று ஓர் எண் இருப்பதாக வையுங்கள். 'எக்ஸ்' 24-ஆவது எழுத்து, இலக்கங்களின் கூட்டுத்தொகை 47, இரண்டும் சேர்ந்தால் 71, ஏழும் ஒன்றும் எட்டு. இரண்டாம் தொடரில் இரண்டு எழுத்தையும் சேர்த்துக் கூட்டினால் 7 வரும். அந்தந்தத் தொடருக்கு உரிய இலக்கம் வராவிட்டால் நோட்டில் கோளாறு என்று சொல்லலாம். ஆனால் வந்துவிட்டதாலேயே நல்ல நோட்டு ஆகிவிடாது, கள்ளநோட்டு அடிப்பவன் நல்ல நோட்டின் எண்ணைத்தானே பார்த்து அடிக்கிறான்.

அடுத்து நட்சத்திரம். இதைப்பற்றித்தான் பயம் அதிகம், காரணம் ரொம்பச் சாதாரணம். எண் விழுந்த பிறகு ஒரு நோட்டில் அச்சுப் பிழை தெரிந்தால் அதை எடுத்துக் கிழிக்க வேண்டும். கட்டில் நூறு நோட்டு இருந்தாக வேண்டும், அதே எண்ணை இன்னொரு முறை அடிப்பது பெரிய தொல்லை. ஆகவே தனியாக ஒரு மாற்றுத் தொடரை அச்சடித்துக் கையிருப்பில் வைத்திருப்பார்கள், பழுதான நோட்டின் இடத்தில் அதிலிருந்து ஒன்றைச் செருகிவிடுவார்கள். அது மாற்று நோட்டு என்று அடையாளம் தெரியத்தான் நட்சத்திரம். அமெரிக்காவில் 1910-இலிருந்து இந்த வழக்கம் உண்டு, அங்கே எண்ணின் கடைசி எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம் வரும். இந்திய ரூபாயில் 2006-இல் 10, 20, 50 நோட்டுகளில் தொடங்கி 2016-இல் 500-க்கும் வந்தது. முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் நட்சத்திரம் இருக்கும். நட்சத்திர நோட்டு கள்ள நோட்டு என்று செய்தி பரவி, 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே அது மற்ற நோட்டைப் போலவே செல்லும் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. எல்லா நாட்டிலும் நட்சத்திரம்தான் என்றில்லை, ஜிம்பாப்வேயில் 'இசட் ஏ' என்ற முன்னெழுத்து வந்தால் அதுதான் மாற்று நோட்டு.

ஒரே எண் இரண்டு நோட்டில் வந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு 1925-இல் போர்ச்சுகலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆல்வெஸ் டோஸ் ரெய்ஸ் என்று ஒருவர். இவர் கள்ளநோட்டு அடிக்கவில்லை. போர்ச்சுகல் வங்கி கொடுத்தது போல ஒரு போலி ஒப்பந்தத்தைத் தயாரித்து, கூட்டாளிகள் மூலமாக லண்டனில் வாட்டர்லோ என்ற அச்சகத்தை அணுகினார். அது போர்ச்சுகலுக்கு உண்மையாகவே நோட்டு அச்சடித்துக் கொடுத்த நிறுவனம். இது அங்கோலா குடியேற்ற நாட்டுக்கான ரகசியக் கடன், யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று கதை. 500 எஸ்குடோ நோட்டு (எஸ்குடோ அன்றைய போர்ச்சுகல் பணம்), வாஸ்கோ ட காமா படம் போட்டது, அசல் அச்சுத்தகட்டிலிருந்தே அச்சானது. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் எண்களையே திரும்பப் போடச் சொல்கிறீர்களே என்று கேள்வி வரும் அல்லவா, அதற்கும் பதில் தயாராக இருந்தது: இந்த நோட்டுகள்மேல் பின்னால் 'அங்கோலா' என்று தனியாக முத்திரை அச்சடித்துவிடுவோம், அதனால் குழப்பம் வராது. அச்சகம் நம்பிவிட்டது. முதல் தவணையே 2 லட்சம் நோட்டு.

அந்தப் பணத்தில் ரெய்ஸ் சொந்தமாக வங்கியே தொடங்கினார். அப்புறம் போர்ச்சுகல் வங்கியின் பங்குகளை வாங்க ஆரம்பித்தார், கள்ளநோட்டு வழக்கைத் தொடுக்கிற இடமே அதுதான், அதைக் கைக்குள் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது என்ற எண்ணம். எவ்வளவு துணிச்சல் பாருங்கள். வதந்தி கிளம்பி நிபுணர்கள் வந்து நோட்டுகளைச் சோதித்தபோது எல்லாம் நல்ல நோட்டு என்றுதான் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள், தாளும் மையும் தகடும் அசல்தானே! கடைசியில் 1925 டிசம்பரில் போர்ட்டோ நகரக் கிளையில் நோட்டுகளை எண்வாரியாகப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரே எண்ணில் இரண்டு நோட்டு அகப்பட்டது. அதோடு குட்டு உடைந்தது. ரெய்ஸுக்கு 1930-இல் 20 ஆண்டு தண்டனை. போர்ச்சுகல் வங்கி அச்சகத்தின்மேல் தொடுத்த வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய் 1932-இல் வங்கிக்குச் சாதகமாக முடிந்தது.

வரிசை எண்ணின் வேலை இதுதான். நோட்டு உண்மையா என்று அது சொல்லாது, ஒரு நோட்டு ஒரு தடவைக்கு மேல் பிறக்கவில்லை என்று உறுதி செய்யத்தான் அது. உங்கள் கையில் ஒரே மதிப்பில் ஒரே எண்ணில் இரண்டு நோட்டு இருந்து, தொடர், ஆண்டு, கையெழுத்து, எண்ணின் நிறம், கூடவே இருக்கும் எழுத்துகள் எல்லாமே ஒன்றாக இருந்தால் ஒன்றாவது போலி என்று சந்தேகப்படலாம். ஒற்றை நோட்டின் எண்ணை மட்டும் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

காவல்துறைக்கு இந்த எண் உதவும், ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான். 1971-இல் அமெரிக்காவில் டி.பி. கூப்பர் என்ற பெயரில் விமானத்தைக் கடத்தி 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்தவர் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். கொடுத்தது 10,000 இருபது டாலர் நோட்டு, எல்லாவற்றின் எண்ணும் பதிவாகியிருந்தது. 1980-இல் கொலம்பியா ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் கையில் 5,800 டாலர் மக்கிப்போன நிலையில் கிடைத்தபோது, எண்ணை ஒப்பிட்டுத்தான் இது அந்தப் பணம் என்று சொன்னார்கள். ஆள் இன்றுவரை அகப்படவில்லை.

எண் மட்டும் இல்லை, முத்திரையின் நிறமும் ஒருவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இன்று டாலரில் கருவூல முத்திரை பச்சை. பழைய நோட்டில் நீலம் இருந்தால் வெள்ளிச் சான்றிதழ், அதாவது கொடுத்தால் வெள்ளி தருவோம் என்று வெளியிட்ட நோட்டு; சிவப்பு என்றால் அரசே நேரடியாக வெளியிட்ட நோட்டு; மஞ்சள் என்றால் அதேபோல் தங்கத்துக்கான தங்கச் சான்றிதழ். 1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்தியவனுக்குக் கொடுத்த 50,000 டாலரில் பெரும்பகுதி இந்தத் தங்கச் சான்றிதழ்கள்தான். அடுத்த ஆண்டே அவற்றைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அரசாணை வந்துவிட்டது, அதன்பின் யாராவது மஞ்சள் முத்திரை நோட்டை நீட்டினாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். 1934-இல் ஒரு பெட்ரோல் நிலைய ஊழியர் அப்படி வந்த நோட்டின் ஓரத்தில் வண்டி எண்ணைக் கிறுக்கி வைத்தார், நோட்டு வங்கிக்குப் போனது, அங்கே வரிசை எண் பட்டியலோடு பொருந்தியது, அந்த வண்டியின் சொந்தக்காரர் ஹாப்ட்மன் பிடிபட்டார்.

அடுத்து ஆண்டு. நோட்டில் இருக்கும் ஆண்டு அது அச்சான ஆண்டு என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், நாட்டுக்கு நாடு அது வேறு. இந்திய ரூபாயில் பின்பக்கம் இருப்பது அச்சான ஆண்டுதான், ஆனால் 2005-இலிருந்துதான் அது இருக்கிறது. 2014-இல் 2005-க்கு முந்தைய நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது அவற்றை அடையாளம் காண ஒரே வழி, பின்பக்கம் ஆண்டு இல்லை என்பதுதான். ஆஸ்திரேலிய பிளாஸ்டிக் நோட்டில் ஆண்டு எண்ணுக்குள்ளேயே இருக்கும், முன்னெழுத்துக்கு அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். டாலரில் இருப்பது வடிவமைப்பின் ஆண்டு அல்லது கையெழுத்து மாறிய ஆண்டு. பெரும்பாலும் கருவூலச் செயலர் மாறினால் புது ஆண்டு வரும், சின்ன மாற்றம் என்றால் பழைய ஆண்டோடு 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். நீலப்பட்டை போட்ட புது நூறு டாலர் நோட்டு அச்சுக் கோளாறால் தாமதமாகி 2013 அக்டோபரில்தான் மக்கள் கைக்கு வந்தது, நோட்டில் 2009 என்றுதான் இருந்தது. அப்போது அதைக் கையில் வாங்கியவர்களில் எத்தனை பேர் நாலு வருஷம் பழைய நோட்டு என்று நினைத்திருப்பார்களோ.

கையெழுத்து யாருடையது என்பதும் ஒரு தகவல். டாலரில் இரண்டு பேர், கருவூலச் செயலரும் டிரஷரரும். யூரோவில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர், இங்கிலாந்தில் அந்த வங்கியின் தலைமைக் காசாளர். இந்தியாவில் ரிசர்வ் வங்கி ஆளுநர், ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் நிதித்துறைச் செயலர். ஏனென்றால் ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு, அதனால் மற்ற நோட்டுகளில் இருக்கும் "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாசகமும் அதில் கிடையாது. அந்த உறுதிமொழிக்கு இப்போது என்ன பொருள் என்றால், நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. பிரிட்டன் நோட்டிலும் இதே வாசகம்தான், 1931-இல் அந்த நாடு தங்கத்தைக் கைவிடும்வரை அதற்குப் பின்னால் தங்கம் இருந்தது. இன்று பத்து பவுண்டு நோட்டைக் கொண்டுபோய் வாக்கை நிறைவேற்று என்று கேட்டால் இன்னொரு பத்து பவுண்டுதான் கிடைக்கும்.

மூலையில் ஒளிந்திருக்கும் பொடி எழுத்துகள் எல்லாம் அச்சகத்தின் சொந்த உபயோகம். டாலரின் முன்பக்கம் வலது கீழ்ப்பகுதியில் தகட்டு எண்ணுக்கு முன்னால் 'எஃப்டபிள்யூ' என்று இருந்தால் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் அச்சானது, இல்லையென்றால் வாஷிங்டன். இன்னொரு மூலையில் இருக்கும் எழுத்தும் எண்ணும் பெரிய தாளில் அந்த நோட்டு எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லும். யூரோவிலும் ஆறு இடக் குறியீடு ஒன்று உண்டு: முதல் எழுத்து அச்சகம், அடுத்த மூன்று இலக்கம் தகடு, கடைசி இரண்டும் தாளில் இடம். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கறை விழுந்தால் எந்தத் தகட்டின் எந்த மூலை என்று போய்ப் பார்க்க இவை வேண்டும். நமக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை, தாண்டிப் போகலாம்.

இயந்திரத்துக்கான குறி சுவாரசியமானது. பல நாட்டு நோட்டுகளில் மஞ்சளிலோ பச்சையிலோ சிறு வட்டங்கள் சிதறிக் கிடக்கும், அலங்காரம் போலத்தான் தெரியும். அதில் ஐந்து வட்டங்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன. கலர் நகல் எடுக்கும் இயந்திரம் அதைக் கண்டால் நகலெடுக்க மறுத்துவிடும். வங்கிகள் இதை வெளியே சொல்லவில்லை. 2002-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கணினி அறிஞர் மார்கஸ் கூன் ஒரு கலர் நகல் இயந்திரத்தில் யூரோவை வைத்து ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். 20 டாலர் நோட்டின் பின்பக்கம் பொடிப்பொடியாக '20' என்று மஞ்சளில் இறைத்திருப்பார்களே, அவற்றின் சுழியங்கள்தான் அந்த வட்டங்கள். இசையமைப்பாளர் எல்கர் படம் போட்ட பழைய 20 பவுண்டில் அவை இசைக்குறிகளாக வேடம் போட்டிருந்தன. போட்டோஷாப்பில் நோட்டின் படத்தைத் திறக்கப் போனால் அதுவும் தடுக்கும், அது வேறு முறை, இந்த வட்டங்களை நம்பி இல்லை.

தொட்டு அறியும் குறிகளைப் பலர் வெறும் டிசைன் என்று நினைக்கிறார்கள். இந்திய 100 ரூபாயில் ஓரத்தில் நான்கு சாய்கோடு, மேடாக ஒரு முக்கோணம். 200-இல் நான்கு கோட்டோடு நடுவில் இரண்டு வட்டம். 500-இல் ஐந்து கோடு, ஒரு வட்டம். இங்கிலாந்தில் 10 பவுண்டுக்கு இரண்டு புள்ளிக்கொத்து, 20-க்கு மூன்று, 50-க்கு நான்கு, 5-க்கு எதுவும் இல்லை, இல்லாததே அதன் அடையாளம். டாலர்தான் இதில் வெகுகாலம் மோசம், எல்லா மதிப்பும் ஒரே அளவு. பார்வையற்றோர் அமைப்பு வழக்குப் போட்டு 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இது பாகுபாடு என்று சொல்லிவிட்டது. ஆனால் இந்த மேடுகள் நோட்டு பழசானால் தேய்ந்து விடும், கசங்கிய நோட்டில் தடவிப் பார்த்துவிட்டு 'மேடு இல்லை, போலி' என்று முடிவுகட்ட வேண்டாம்.

சரி, நமக்கான குறிகள் எவை? தடவு, வெளிச்சத்தில் பிடி, சாய்த்துப் பார், இந்த மூன்றும்தான். நல்ல காகித நோட்டின் தாள் பருத்தி சார்ந்தது, டாலர் என்றால் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். மரக்கூழ்த் தாள் போல வழவழவென்று இருக்காது, சுண்டினால் விறைப்பாகச் சத்தம் வரும். உருவப்படமும் பெரிய எழுத்துகளும் அதிக அழுத்தத்தில் அச்சாவதால் நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரியும், அது தாள் செய்யும்போதே தாளின் தடிமனை ஏற்றி இறக்கி உருவாக்குவது, மேலே அச்சடித்தது இல்லை. போலியில் வெறும் சாம்பல்நிற அச்சாக, நேராகப் பார்த்தாலே தெரியும். சாய்த்தால் சில இடங்களில் நிறம் மாற வேண்டும்: இந்திய 500-இல் தாளுக்குள் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாகும், நூறு டாலரில் மைக்கூட்டுக்குள் இருக்கும் மணி செம்பு நிறத்திலிருந்து பச்சையாகும். சாதாரண பிரிண்டரால் இதைச் செய்ய முடியாது. நான் ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் சாய்த்துத்தான் பார்ப்பேன்.

புறஊதா விளக்கில் பார்க்கும்போது பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நல்ல நோட்டின் தாள் மங்கலாகவே இருக்கும், இழையும் சில குறிகளும் மட்டும் ஒளிரும். மொத்தத் தாளும் நீலமாகப் பளிச்சிட்டால்தான் சந்தேகம், ஏனென்றால் சாதாரண வெள்ளைத் தாளில்தான் வெண்மைக்காக ஒளிரும் ரசாயனம் சேர்க்கிறார்கள். டாலர் இழையின் நிறம் மதிப்புக்கு மதிப்பு மாறும்: 5-க்கு நீலம், 10-க்கு ஆரஞ்சு, 20-க்கு பச்சை, 50-க்கு மஞ்சள், 100-க்கு இளஞ்சிவப்பு. இது ஏன் முக்கியம் என்றால், கள்ளநோட்டுக்காரர்கள் ஐந்து டாலரை வெளுத்து அதே தாளில் நூறு டாலர் அடிப்பதுண்டு. தாள் அசல்! கடைகளில் வைத்திருக்கும் அயோடின் பேனா இதில் ஏமாந்துவிடும், அது தாளில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், அசல் தாளில் எப்படி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் போதும், இழையில் 'ஐந்து' என்று எழுதியிருப்பது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பேனாவை நம்பி இருப்பவர்கள்மேல் எனக்குப் பரிதாபம்தான்.

ஒரு டாலரின் பின்பக்கம் இருக்கும் பிரமிடு, கண் பற்றி யாராவது கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். அது 1782-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசு முத்திரையின் பின்புறம். பிரமிடில் 13 படி, தொடக்கத்தில் இருந்த 13 மாநிலங்களுக்கு. அடியில் ரோமன் எண்களில் 1776, சுதந்திரப் பிரகடன ஆண்டு. நோட்டில் அது ஏறியதே 1935-இல்தான். ரகசியச் சங்கம், உலகை ஆளும் கும்பல் என்று சுற்றும் கதைகளுக்கு நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை. 2016-இல் வந்த 2000 ரூபாய் நோட்டில் மண்ணுக்குள் புதைத்தாலும் செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் சிப் இருக்கிறது என்று சொன்னதும் அதே ரகம். பச்சைப் பட்டை ஆளுநர் கையெழுத்துக்கு அருகில் இருந்தால் 500 ரூபாய் நல்லது, காந்தி படத்துக்கு அருகில் இருந்தால் போலி என்று சுற்றிய செய்தியும் பொய், இரண்டுமே செல்லும்.

எண் ஏன் ஒரே நோட்டில் இரண்டு இடத்தில் என்று ஒரு துணைக் கேள்வி வரும். கிழிந்தால் இரு பாதியும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவைதானா என்று பார்க்கத்தான். முற்காலத்தில் இங்கிலாந்தில் தபாலில் பணம் அனுப்புபவர்கள் நோட்டை வேண்டுமென்றே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததும் மறுபாதியை அனுப்புவார்களாம். வழியில் திருடினாலும் பாதிநோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது. இன்று சேதமான நோட்டுக்கு வங்கிகள் எண்ணோடு பரப்பளவையும் பார்க்கும், அமெரிக்காவில் பாதிக்கு மேல் தெளிவாக மிஞ்சியிருந்தால் முழுத்தொகையும் தருவார்கள். எண் இருக்கும் பகுதி மேல் ஒட்டுத்தாள் போடாதீர்கள், அது மட்டும் போதும்.

கடைசியாக, விசித்திர எண்ணுக்கு விலை கிடைக்குமா என்பது. கிடைக்கும், சேகரிப்பவர்களிடம். 00000001 போன்ற முதல் எண்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருப்பவை, 12345678 போல ஏறுவரிசை, முன்னும் பின்னும் ஒன்றுபோல் படிப்பவை, இவற்றைத் தேடுவார்கள். ஆனால் மடிப்பே விழாத நோட்டாக இருந்தால்தான் நல்ல விலை, நாலாக மடிந்து பர்ஸில் கிடந்தது என்றால் பாதி ஆர்வம் போய்விடும். நட்சத்திரம் மட்டும் இருப்பதால் லட்சக்கணக்கில் போகும் என்று வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். நட்சத்திர நோட்டுகளும் லட்சக்கணக்கில் அச்சாகின்றன, அந்தத் தொகுப்பில் குறைவாக அச்சானவை எவை என்று பட்டியல் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மற்றதெல்லாம் முகமதிப்புக்கே செல்லும்.